மண்ணுக்கடியில் மாறும் வாடை: வாசகர் கேள்வி பதில்

சடலம் தேடும் மோப்ப நாய் "சாவின் வாடையை" முகர்ந்து கண்டுபிடிக்கிறது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. எழுதியது தவறில்லை, ஆனால் போதாது. சாவுக்கென்று ஒரே வாடை கிடையாது. அது மணிக்கு மணி, நாளுக்கு நாள் மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றம்தான் பெரும்பாலான கடிதங்களின் கேள்வி.

கயத்தாறு வாசகர்: 2020இல் கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் எங்கள் உறவினர்கள், குடியிருந்த லயத்தோடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) புதைந்துபோனார்கள். முதல் சில நாள்களிலும் நாயை வைத்துத் தேடினார்கள். பத்து நாள் கழித்தும் நாயை வைத்துத்தான் தேடினார்கள். நாளாக ஆக வாடை மாறத்தானே செய்யும்? மாறிய பிறகும் நாய்க்கு எப்படித் தெரிகிறது?

பதில்: கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்களே அந்த லயங்களில் பெரும்பாலும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்ததில் 70 பேர் மாண்டார்கள். 4 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. உங்கள் கேள்வி அந்தத் துயரத்திலிருந்து வந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே உடலுக்குள் மாற்றம் தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத செல்களில் அமிலம் சேர்கிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகளே அதன் சவ்வைக் கரைத்து, உள்ளே இருப்பதை வெளியே கசியவிடுகின்றன. அருகில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இந்தக் கட்டத்தில் எந்த வாடையும் தெரியாது. அடுத்ததாக, உயிரோடு இருந்தவரை குடலுக்குள் அடங்கிக் கிடந்த பாக்டீரியாக்கள் தடுப்பாரின்றிப் பெருகி உடலெங்கும் பரவுகின்றன. புரதத்தில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும், டைமெத்தில் டைசல்ஃபைடு போன்ற பொருள்களாகவும் வெளியேறும்போது அழுகிய முட்டையும் அழுகிய முட்டைக்கோசும் கலந்தாற்போன்ற வீச்சம் எழுகிறது. வயிறு ஊதுவதும் இந்த வாயுக்களால்தான். தோல் வெடித்து வாயு வெளியேறிய பிறகு கொழுப்பு சிதையத் தொடங்கும். அப்போது கெட்டுப்போன வெண்ணெயின் புளித்த நெடியைத் தரும் பியூட்டிரிக் அமிலமும் அதன் இனத்தவையும் மேலோங்கும். கடைசியில் தசை நார்களும் எலும்பும் மட்டும் எஞ்சும்போது, நமக்கு அது ஈர மண்ணும் பழைய தோலும் கலந்த மெல்லிய வாடையாகவே தெரியும். முதல் நாள் உடலின் வாடையையும் முப்பதாம் நாள் உடலின் வாடையையும் தனித்தனிக் குப்பிகளில் அடைத்துக் கொடுத்தால், இரண்டும் ஒரே பொருளிலிருந்து வந்தவை என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம்.

இந்த மாற்றத்தின் வேகத்தை முடிவுசெய்வது முக்கியமாக வெப்பம். திறந்தவெளியில் கிடக்கும் உடல் எலும்புக்கூடாக எத்தனை நாள் ஆகும் என்பதற்கு ஆர்பத் வாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு தோராயக் கணக்கு சொல்லியிருக்கிறார்: 1285 என்ற எண்ணை அன்றாடச் சராசரி வெப்பநிலையால் வகுக்க வேண்டும். சராசரி 30 டிகிரி செல்சியஸ் என்றால் ஏறக்குறைய 43 நாள். 15 டிகிரி என்றால் 86 நாள். மூணாறு மலையின் ஆகஸ்ட் குளிரையும், பல அடி ஈரச் சேற்றுக்குள் காற்றுப் புகாத நிலையையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே புதைந்த உடல்கள் சமவெளியில் கிடப்பவற்றைவிட வெகு மெதுவாகவே மாறியிருக்கும். ஒரே சரிவில், மேலாகக் கிடந்த உடல் ஒரு கட்டத்திலும் ஆழத்தில் கிடந்தது வேறொரு கட்டத்திலும் இருந்திருக்கும். ஆகவே ஒரே நாளில் ஒரே நாய் பல வாடைகளைத் தேட வேண்டியிருந்தது.

மாவடு, மாங்காய், மாம்பழம், அழுகிய பழம் ஆகிய நான்கின் வாசமும் வெவ்வேறு. ஆனாலும் கண்ணைக் கட்டிவிட்டு முகரச் சொன்னால் நான்கையும் மா என்று சொல்லிவிடுகிறோம். அவற்றுக்குள் பொதுவாக ஏதோ இருப்பது ஒரு காரணம். நான்கையும் நாம் முன்பே முகர்ந்திருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய காரணம். பழத்தை மட்டுமே அறிந்த வெளிநாட்டவரிடம் மாவடுவைக் கொடுத்தால் விழிப்பார். நாயும் அப்படியே. புதிய இரத்தம், அழுகிய திசு, உடல் கிடந்த இடத்து மண், உலர்ந்த எலும்பு என்று எல்லாக் கட்டங்களின் வாடையையும் காட்டிப் பழக்கினால்தான் அது எல்லாவற்றுக்கும் நின்று காட்டும்.

சேற்றின் ஆழத்திலிருந்து வாடை மேலே வருவதற்கு மனிதரும் உதவி செய்கிறார்கள். இரும்புக் கம்பியைச் சில அடிக்கு ஓரிடமாகச் சேற்றில் ஆழமாக இறக்கி உருவிவிட்டு, அந்தத் துளை வழியே வாயு மேலேற நேரம் கொடுத்துக் காத்திருப்பார்கள். பிறகு நாய் துளை துளையாக மூக்கை வைத்துப் போகும். ஒன்றில் மட்டும் தலையைத் தூக்காமல் நின்று, மூச்சு வேகமெடுத்து, வால் விறைத்து, அதன் பின் உட்காரும் அல்லது குரைக்கும், பழக்கியதைப் பொறுத்தது. இந்த வேலையை மண்வாரி இயந்திரம் இறங்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. இயந்திரம் மண்ணைப் புரட்டிவிட்டால் வாடையும் இடம் மாறிவிடும். உடல் ஓரிடத்தில் இருக்க, அதன் கசிவு ஊறிய மண் இன்னோரிடத்தில் குவிந்து கிடக்கும்.

மூணாறு வாசகி: அதே பெட்டிமுடியில் குவி என்ற வீட்டு நாய் எந்தப் பயிற்சியும் இல்லாமல் குழந்தையைக் கண்டுபிடித்ததே?

பதில்: உண்மைதான். தன் வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடல், சரிவு நேர்ந்து ஒரு வாரத்துக்குப் பிறகு ஆற்றில் கிடந்ததை அந்த நாய் கரையில் நின்று காட்டிக்கொடுத்தது. பின்னர் காவல்துறை நாய்ப் படையினர் அதைச் சில காலம் பராமரித்தார்கள். ஆனால் குவி தேடியது சாவின் வாடையையன்று. தான் அறிந்த ஒரு குழந்தையை. தனியாள் வாடையைப் பின்தொடர்வது வேறு, முன்பின் அறியாத யாருடைய உடலானாலும் காட்டுவது வேறு. இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும். அன்பைப் பயிற்சியாகவோ பயிற்சியை அன்பாகவோ எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேனேயன்றி, குவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சேலம் வேதியியல் மாணவர்: பிணவாடைக்குக் காரணம் புட்ரெசினும் கடாவெரினும் என்று படித்திருக்கிறோம். நாய் இவ்விரண்டையும்தான் தேடுகிறதா?

பதில்: அந்தப் பெயர்களின் கவர்ச்சியே அவற்றுக்கு இவ்வளவு புகழைத் தேடித் தந்திருக்கிறது என்பது என் எண்ணம். 1885 வாக்கில் பெர்லினில் லுட்விக் பிரீகர் என்ற மருத்துவர் இவற்றைப் பிரித்தெடுத்து, அழுகலையும் பிணத்தையும் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து பெயர் வைத்தார். ஆர்னித்தின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து பாக்டீரியாக்கள் இவற்றை உண்டாக்குகின்றன. கெட்ட மீனிலும் இவை உண்டு, முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் உண்டு, வாய் நாற்றத்திலும் உண்டு. இவற்றை மட்டும் நம்பும் நாய் மீன் சந்தையை விட்டு நகராது. மேலும் இவை எளிதில் ஆவியாகிக் காற்றில் ஏறுபவை அல்ல. சடலத்துக்கு மேலுள்ள காற்றைப் பிடித்துச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் இவை அகப்படவே இல்லை.

காற்றில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க, மேலே சொன்ன வாஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரத்து ஆய்வு நிலத்தில், ஆராய்ச்சிக்குத் தானமாக வந்த உடல்களைப் புதைத்து, குழாய்கள் வழியே மேலேறும் காற்றை ஆண்டுக்கணக்கில் சேகரித்தார்கள். 2008இல் வெளியிட்ட அவர்களுடைய பட்டியலில் 478 சேர்மங்கள் இருந்தன. அந்த நிலத்தை வில்லியம் பாஸ் என்ற மானிடவியல் பேராசிரியர் 1980களின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார். இதே நோக்கில் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே 2016இல் ஒரு நிலையம் திறந்தார்கள்.

பட்டியலில் உள்ளவை தனித்தனியே எடுத்தால் பெரும்பாலும் அன்றாடப் பொருள்கள். இண்டோல் என்ற ஒன்றைப் பாருங்கள்: அழுகும் உடலிலும் இருக்கிறது, மலத்திலும் இருக்கிறது, மதுரை மல்லியிலும் சிறிய அளவில் இருக்கிறது, மல்லிகையின் அந்தக் கிறங்கவைக்கும் கனத்தில் அதற்குப் பங்குண்டு. எனவே தனியொரு மூலக்கூறு நாய்க்கு அடையாளமாக இருக்க வாய்ப்பில்லை. எவை எவை எந்த விகிதத்தில் சேர்ந்து வருகின்றன என்பதே அடையாளம். அந்தச் சேர்க்கையில் எந்தப் பகுதியை நாய் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களுக்குள் இன்னும் தீராத கேள்வி. நீங்கள் படிப்பை முடித்துவிட்டு அதில் இறங்கலாம்.

மதுரை வாசகி: நிலச்சரிவில் ஆடு, மாடு, கோழி எல்லாமும்தான் புதைகின்றன. அவற்றுக்கும் மனிதருக்கும் நாய் எப்படி வேறுபாடு காண்கிறது?

பதில்: பயிற்சியில் விலங்கு இறைச்சியையும் எலும்பையும் வேண்டுமென்றே வழியில் வைப்பார்கள், அதைக் காட்டும் நாய்க்குப் பரிசு கிடையாது. நாளடைவில் நாய் அதைக் கண்டுகொள்ளாமல் போகக் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்க முடிகிறது என்றாலே ஏதோ ஒரு வேறுபாடு இருந்தாக வேண்டும் அல்லவா? அதைத்தான் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் தேடினார்கள். 6 மனிதரின் திசுக்களையும் 26 விலங்குகளின் திசுக்களையும் குப்பிகளில் வைத்து ஆறு மாதம் சிதையவிட்டு, 452 சேர்மங்களைக் கண்டு, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற விலங்குகளை எளிதில் ஒதுக்க முடிந்தது. பன்றி மட்டும் மனிதரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் 5 எஸ்டர்கள் அவ்விரண்டையும் பிரித்துக் காட்டின. எஸ்டர்கள் பொதுவாகப் பழ வாசனைக்குரியவை என்பதை இங்கே நினைத்துப் பார்த்தால் சற்று வியப்பாக இருக்கும்.

கூடலூர் வாசகர்: வயநாட்டு நிலச்சரிவில் முதல் நாள்களில் வேலை செய்த நாய்கள் வேறு, பிறகு மாயா, மர்ஃபி என்று செய்தியில் வந்த நாய்கள் வேறு என்கிறார்கள். ஏன் இந்த மாற்றம்?

பதில்: உயிரோடு இருப்பவரின் வாடையும் இறந்தவரின் வாடையும் வெவ்வேறு என்பதால், அவற்றைத் தேடும் நாய்களும் பெரும்பாலும் வெவ்வேறு. இடிபாட்டுக்குள் உயிரோடு கிடப்பவர் மூச்சுக்கு மூச்சு வாடையை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார். வியர்வை, தோலிலிருந்து உதிரும் செதில், மூச்சில் வரும் அசிட்டோன் போன்றவை அதில் இருக்கும். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோ, ஜூலி என்ற லேப்ரடார்கள் ஆறு வயதுச் சிறுமியைக் கண்டுபிடிக்க உதவியது இந்த வகை வேலை.

2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோதும் முதல் தேவை அதுவே. உயிரோடு யாரும் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை மெலிந்த பிறகு, கேரளக் காவல்துறையின் மாயா, மர்ஃபி போன்ற, சடலம் தேடவே பழக்கப்பட்ட பெல்ஜியன் மாலினாய்ஸ் நாய்களின் பங்கு பெரிதாயிற்று. இவ்விரு நாய்களும் 2025இல் தெலங்கானாவில் சுரங்கக் கால்வாய் இடிந்து 8 பேர் சிக்கியபோதும் அழைத்துச் செல்லப்பட்டன. ஒரே நாயை இரண்டுக்கும் பழக்கும் வழக்கமும் சில நாடுகளில் உண்டு. ஆனால் 2006இல் வெளியான ஒரு சோதனையில், இரண்டும் பழகிய நாய்கள் சடல வாடை கலந்த இடத்தில் உயிருள்ளவரைத் தேடச் சொன்னபோது, ஒன்று மட்டுமே பழகியவற்றைவிட அதிகமாகத் தடுமாறின. ஓர் உயிரை எட்டவேண்டிய நிமிடத்தில் நாய் சடலத்தின் மேல் நின்றுவிட்டால் அதற்கு ஈடில்லை என்பதால், பிரித்துப் பழக்குவதே சரி என்பது என் கருத்து.

நாகப்பட்டினம் வாசகர்: தண்ணீருக்குள் இருப்பதை நாய் எப்படி முகரும்?

பதில்: நாய் தண்ணீரை முகர்வதில்லை, தண்ணீர்ப் பரப்பை ஒட்டியுள்ள காற்றை முகர்கிறது. மூழ்கிய உடலிலிருந்து வாயுக் குமிழிகளும் கொழுப்புத் துளிகளும் மேலே வந்து பரப்பில் படர்ந்து காற்றில் கலக்கின்றன. படகின் முனையில் நிற்கும் நாய் அந்த இடத்தைக் கடக்கும்போது தலையைத் தாழ்த்தி, சில சமயம் தண்ணீரை நக்கியோ கடித்தோ பார்க்கும். ஓடும் ஆற்றில் குமிழி மேலே வருவதற்குள் நீரோட்டம் அதை இழுத்துச் சென்றுவிடுவதால், நாய் காட்டும் இடத்துக்கு எதிர்நீரோட்டத் திசையில்தான் முக்குளிப்பவர் இறங்க வேண்டும். தண்ணீரில் சிதைவு மெதுவாகவே நடக்கும். காற்றில் ஒரு வாரத்தில் நடக்கும் சிதைவுக்கு நீரில் இரண்டு வாரம், மண்ணில் எட்டு வாரம் ஆகும் என்பது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் காஸ்பர் வகுத்த பழைய கணக்கு. தோராயமாக இன்றும் சொல்லப்படுகிறது.

திருச்சி வாசகர்: நாய் ஊளையிட்டால் அந்தத் தெருவில் சாவு விழும் என்பது வாடையை முன்கூட்டியே அறிவதாலா?

பதில்: இல்லை. நாய்கள் தினமும் ஊளையிடுகின்றன. சாவு நேர்ந்த நாளின் ஊளையை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

தஞ்சாவூர் வாசகி: பயிற்சிக்கு இந்த வாடையை எங்கிருந்து பெறுகிறார்கள்? மனதுக்குச் சங்கடமான கேள்விதான்.

பதில்: சங்கடப்படத் தேவையில்லை, பயிற்சியாளர்களுக்கே இதுதான் பெரிய தொல்லை. செயற்கை வாடைக் குப்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. சில சேர்மங்களை மட்டும் கொண்டு, நூற்றுக்கணக்கானவை சேர்ந்த ஒரு வாடையைப் போலச் செய்ய முயல்பவை அவை; அவற்றில் மட்டுமே பழகிய நாய் அந்தக் குப்பியைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அதனால் வாய்ப்புள்ள நாடுகளில் தானமாகக் கிடைக்கும் நஞ்சுக்கொடி, இரத்தம், பிடுங்கிய பல், உடல் கிடந்த இடத்து மண், சடலத்தின் மேல் போர்த்தி எடுத்த பருத்தித் துணி முதலியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கையுறை இல்லாமல் எடுத்து வைத்தால், வைத்தவரின் கைவாடையை நாய் தேடக் கற்றுக்கொண்டுவிடும். துணியை ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் எப்போதும் வைத்திருந்தால் நாய் பிளாஸ்டிக்கைக் கற்றுக்கொள்ளும். மாதிரி பழசாக ஆக அதன் வாடையும் மாறும் என்பதால், எந்த மாதிரி எத்தனை நாள் பழசு என்று நோட்டில் குறித்து வைப்பது பயிற்சியின் ஒரு பகுதி. நல்ல பயிற்சியாளரை நாயின் வேகத்தைக் கொண்டு அறிவதைவிட அந்த நோட்டைக் கொண்டு அறியலாம்.

சென்னை வழக்கறிஞர்: உடல் கிடைக்காத வழக்கில், நாய் ஓரிடத்தில் நின்று காட்டியது என்பதை மட்டும் சான்றாக ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாகாது என்றே நினைக்கிறேன், நாயின் மூக்கில் குறையிருப்பதாக எண்ணி இதைச் சொல்லவில்லை. மூக்கின் திறத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த சோதனை ஒன்று போதும். இறந்து மூன்று மணி நேரத்துக்குள்ளான இருவரின் உடலைப் பருத்திப் போர்வையில் சுற்றி, அதன் கீழ் கம்பளத் துண்டுகளைச் சில நிமிடம் மட்டுமே வைத்து எடுத்தார்கள். பத்து நிமிடம் இருந்த துண்டுகளைக் காவல்துறை நாய்கள் 98 விழுக்காடும், இரண்டே நிமிடம் இருந்தவற்றை 86 விழுக்காடும் சரியாக அடையாளம் காட்டியதாக 2008இல் வெளியிட்டார்கள். மனித மூக்குக்கு ஒன்றுமே தெரியாத கட்டம் அது.

சிக்கல் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது. 2011இல் கலிஃபோர்னியாவில், போதைப்பொருளும் வெடிபொருளும் தேடும் 18 நாய்களையும் அவற்றைக் கையாளுபவர்களையும் எதுவுமே ஒளித்துவைக்கப்படாத அறைகளில் தேடவிட்டார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கிறது என்று மனிதருக்கு மட்டும் சொல்லப்பட்டது. நாய்கள் காட்டியதாகப் பல இடங்கள் பதிவாயின. சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில் அது கூடுதல். மனிதர் தம்மை அறியாமல் நாய்க்குக் குறிப்புக் கொடுத்திருக்கலாம், நாய் காட்டாததைக் காட்டியதாக எண்ணியும் இருக்கலாம். துப்பறியும் நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பது போன்ற தயக்கங்களை நம் உச்ச நீதிமன்றமும் 2001இல் ஆந்திர வழக்கு ஒன்றில் பேசியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாய் காட்டும் இடம் தோண்டுவதற்கான காரணம். தோண்டிக் கிடைப்பதே சான்று. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நாய் பொய் சொன்னதாகாது. உடலை எடுத்துச் சென்ற பின்னும் அந்த மண்ணில் வாடை நெடுநாள் தங்கும்.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்: நெடுநாள் என்றால் எவ்வளவு? எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் நாய் முகர்ந்து சொல்லிவிடுமா?

பதில்: நீங்கள் விளையாட்டாகக் கேட்டிருந்தாலும், ஏறத்தாழ இதைக் குரோஷியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கடற்கரையை ஒட்டிய மலை ஒன்றில், ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்புக் காலப் புதைகுழிகள் உள்ளன. ஈமத்தாழிகள் போலன்றி இவை கற்பலகைகளால் அமைந்த பெட்டிகள். தொல்லியலாளர் வெத்ரானா கிளவாஷும் நாய்ப் பயிற்சியாளர் ஆந்திரேயா பின்டரும் நாய்களை அங்கே கொண்டுபோய், 2019இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில், ஏற்கெனவே தோண்டி எலும்புகளை எடுத்துவிட்டு வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடந்த குழிகளில் நாய்களைச் சோதித்தார்கள். எலும்பே இல்லாத அந்த இடங்களையும் அவை காட்டின. துளைகள் நிறைந்த கல் வாடையை உள்வாங்கி வைத்திருக்கும் என்று கருதுகிறார்கள். பிறகு யாரும் தோண்டாத நிலத்தில் நாய்கள் நின்ற இடங்களைத் தோண்டியபோது, கற்பெட்டிகளும் அவற்றுக்குள் சிறு எலும்புகளும் இருந்தன.